மூன்று சாவியும் ஒரே கையில்

ஒரு சுவிட்சைத் தனியாளாகத் தட்டுவது பாவம் என்று நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, பூட்டு அங்கிள்தான். அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அதை வீட்டுச் சாம்பாரில் உப்புப் போடுவது வரைக்கும் கொண்டுபோன இன்னொருவர் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். பஸ் பிடித்து வந்து பார்க்கிறேன்.

மலேசியாவின் கிள்ளானில், மேரு போகிற சாலைப் பக்கம் பதினோரு மாடி அடுக்குமாடி ஒன்றில் நாங்கள் அப்போது குடியிருந்தோம். லிப்ட் இரண்டு, ஓடுவது ஒன்று. எங்கள் வீடு ஐந்தாவது மாடி. எனக்கு நேர் கீழே, நாலாவது மாடியில், அவரும் சரோஜா ஆன்ட்டியும். அவருக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருந்தது, தபால் பெட்டியில்கூட எழுதியிருந்தது. தபால்காரரே அதைப் படிக்காமல் "பூட்டு அங்கிள் வீடு எது?" என்றுதான் கேட்பார்.

தெலுக் பங்லிமா காராங்கில் பிளாஸ்டிக் வாளி செய்கிற ஆலை ஒன்றில் மெஷின்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர் அவர். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினுக்குள் கையை விட்டு வேலை பார்க்கப் போகிற ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்ட வேண்டும். நாலு பேர் உள்ளே போனால் நாலு பூட்டு. பூட்டில் ஓர் அட்டை தொங்கும். அதில் ஆளின் படம், பெயர், 'உள்ளே ஆள் இருக்கிறது' என்ற எச்சரிக்கை. வேலை முடித்தவர் தன் பூட்டைத் தானே வந்து கழற்றுவார். கடைசிப் பூட்டு கழன்றால்தான் மெஷின் ஓடும், மானேஜர் வந்து தலைகீழாக நின்றாலும் அதற்கு முன்னால் ஓடாது. தன் பூட்டின் சாவியை இன்னொருவர் கையில் கொடுப்பது அங்கே மன்னிக்க முடியாத குற்றம். வேலையில் இருந்த காலம் முழுக்க அங்கிள் அதைச் சரோஜா ஆன்ட்டியைக்கூடத் தொட விட்டதில்லை.

ஓய்வு பெறுகிற அன்று மற்றவர்கள் சுவர்க்கடிகாரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் தன் சிவப்புப் பூட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அட்டையில் இருந்த படத்தில் அவருக்கு அடர்த்தியான மீசை. நான் பார்த்த காலத்தில் மீசை போய்விட்டது, பூட்டு இருந்தது.

எங்கள் நிர்வாகக் குழுவின் சேர்மன் ஒரு லோரி கம்பெனி முதலாளி. நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர், யாரையும் கேட்காமல் நல்லது செய்கிற ரகம். கீழ்த்தளத்தில் ஒரு பம்ப் அறை இருந்தது. அங்கிருந்துதான் மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும். அந்த அறையின் சாவி சேர்மன் பாக்கெட்டில் இருக்கும். ஒரு ஜனவரி காலையில், தொட்டி கழுவுகிற ஆள் அன்றைக்குத்தான் கிடைத்தான் என்பதற்காகப் பம்பை நிறுத்தித் தொட்டியைக் காலி செய்துவிட்டார். அன்றைக்குப் பொங்கல்.

என் கணவர் தலை நிறைய ஷாம்பு நுரையோடு குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இது என்ன வேண்டுதல்?" என்று கேட்டார். எட்டாவது மாடியில் ஒரு வீட்டில் கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரில் பொங்கல் வைத்தார்கள். ஏழாவது மாடி லிம், பாசாரில் மீன் விற்கிறவர், லிப்டில் என்னைப் பார்த்து, "இன்னைக்கு ஹேப்பி பொங்கல்தானே, ஏன் எல்லாரும் சண்டை?" என்று ஆங்கிலத்தில் அக்கறையோடு விசாரித்தார். பொங்கலன்று தமிழர்களுக்குத் தண்ணீர் நிறுத்திய ஒரே தமிழர் என்ற பெருமை எங்கள் சேர்மனுக்குச் சேர்ந்தது.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் சேர்மன் எழுந்து நின்றார். "நல்லதுக்குத்தானே செஞ்சேன்? தொட்டியில எவ்ளோ அழுக்கு இருந்துச்சு தெரியுமா?"

பின்வரிசையில் ஒல்லியான ஒருவர் எழுந்தார். முழுக்கைச் சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா. அதுவரை அவரை நான் லிப்டில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"நீங்க கெட்டவருன்னு யாரும் சொல்லலைங்க சேர்மன். நீங்க நல்லவரு. ஆனா அவசரக்காரரு. நல்லவரு அவசரப்பட்டா யாரும் தடுக்க மாட்டாங்க. அதான் டேஞ்சரு."

பிளாஸ்டிக் பையிலிருந்து கத்தரிக்கோல் மாதிரி ஒரு சிவப்புக் கொக்கியை எடுத்து மேசையில் வைத்தார். "இதைப் பம்ப் ரூம் கதவுல மாட்டணும். இதுல மூணு பூட்டு. மூணு சாவி, மூணு பேரு கையில. மூணு பேரும் வந்தாதான் கதவு தொறக்கும்."

"அப்போ நான் எதுக்குலா சேர்மன்?" என்றார் சேர்மன்.

"மத்த ரெண்டு பேரைக் கேக்கறதுக்கு."

மண்டபம் சிரித்தது. ஷாம்பு, பொங்கல் எல்லாம் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. தீர்மானம் நிறைவேறியது. ஒரு சாவி சேர்மனுக்கு. இரண்டாவது, கீழ்த்தள வீட்டில் இருந்துகொண்டு பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்துகிற, எல்லாரும் மலாயில் 'காக்', அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற காக் ரோஹானிக்கு. மூன்றாவது, மீன்கார லிம்முக்கு. லேப்டாப்பும் பிரின்டரும் வைத்திருந்த குற்றத்துக்காக என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். அன்றிலிருந்து அவர் பூட்டு அங்கிள், நான் அவருக்குச் செக்ரட்டரி. என் பெயரை அவர் அதற்கப்புறம் சொன்னதே இல்லை.

சாவிக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று அவரே எழுதினார், பதினொரு பக்கம். நீலப் பேனாவில் எழுதுவார், சிவப்புப் பேனாவில் திருத்துவார், கறுப்புப் பேனாவில் கையெழுத்துப் போடுவார். எழுதின பேனாவே திருத்தக் கூடாதாம். நான் தட்டச்சு செய்து கொடுத்தேன். சாவி வைத்திருப்பவர் வெளியூர் போனால், 'நம்பிக்கையான குடியிருப்பாளர் ஒருவரிடம்' ஒப்படைக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி. அவரும் படித்தார், நானும் படித்தேன், மூன்று சாவிக்காரர்களும் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அதில் இருந்த ஓட்டை ஒருவர் கண்ணிலும் படவில்லை.

முதல் சோதனை ஒரு பல்பு. பம்ப் அறையில் பல்பு எரிந்துபோனது. விடியற்காலை லிம் பாசாரில் இருப்பார், பகலில் காக் ரோஹானி கேன்டீனில், மாலையில் சேர்மன் லோரிகளோடு. ஒரு பல்பு மாற்ற ஒன்பது நாள் ஆனது. நான் கொதித்துப்போய் நாலாவது மாடிக்கு இறங்கினேன்.

"அங்கிள், நாசாவுல ராக்கெட் விட்டுட்டு வந்துடுவாங்க இதுக்குள்ள."

அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "தகராறு வந்துச்சா? அப்போ வேலை செய்யுது."

"என்ன வேலை செய்யுது?"

"மூணு பேரும் ஒண்ணா நின்னு அஞ்சு நிமிஷம் பேசினாங்கல்ல? இத்தனை வருஷமா ஒரே லிப்ட்டுல போறாங்க, அதுக்கு முன்னாடி பேசினதுண்டா?"

கொஞ்ச நாளில் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பம்ப் அறையைப் பார்வையிடுவது என்று வைத்துக்கொண்டார்கள். காக் ரோஹானி தேங்காய்ப்பால் சோற்று நாசி லெமாக் பொட்டலம் கொண்டுவருவார், லிம் அதற்குப் பொரித்த மீன் கொண்டுவருவார், சேர்மன் சாப்பிடுவதற்கு வருவார். பம்பை யாராவது பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது.

சில சமயம் நான் வேலை முடிந்து பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்து இறங்கும்போது, கீழே உள்ள மாமாக் டீக்கடையில் அவர் உட்கார்ந்திருப்பார். தே தாரேக் வாங்கிக் கொடுத்து அரசியல் பாடம் நடத்துவார்.

"பார்லிமென்ட்டு ஒரு பூட்டு. கேபினெட்டு ஒரு பூட்டு. கோர்ட்டு ஒரு பூட்டு. ஒரே ஆளு மூணு சாவியையும் கோத்து இடுப்புல சொருகிக்கிட்டான்னு வை, கதை முடிஞ்சுச்சு."

"அப்போ பேப்பர்ல எழுதறவங்க? அது நாலாவது பூட்டா?" எனக்கு அப்போதே எழுத்து ஆசை.

"அது பூட்டு இல்லம்மா, டார்ச் லைட்டு. பூட்டு மாட்டியிருக்கா, சும்மா தொங்குதான்னு அடிச்சுப் பாக்கறதுக்கு."

"ஓட்டுப் போடறவங்க?"

"அவங்க வீட்டுக்காரங்க. பூட்டை வாங்கி மாட்டினதே அவங்கதானே. அதுதான் அடிக்கடி மறந்துபோயிடுது."

ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஏன் அங்கிள் உங்களுக்கு இதுல இவ்ளோ வெறி?"

கிளாசைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "ஆலையில இந்தப் பூட்டு வழக்கம் வர்றதுக்கு முன்னாடி, ஒரு வாளி அச்சுல மாட்டிக்கிச்சு. அர்ச்சுனன்னு என் கூட்டாளி, உள்ள கையை விட்டு இழுத்துட்டிருந்தான். அந்தப் பக்கம் நின்ன சூப்பர்வைசர், வேலை முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு சுவிட்சைப் போட்டுட்டான். மூணு விரலு போச்சு."

"சூப்பர்வைசர் மோசமான ஆளா?"

"இல்லம்மா. நல்லவன். எல்லாரும் நம்பற ஆளு. அவசரக்காரன்." இரண்டு பேரும் டீயைக் குடித்தோம்.

வீட்டில் அவருடைய ஆட்சிமுறை இன்னும் கடுமை. டிவி ரிமோட் சரோஜா ஆன்ட்டியிடம், அதன் பேட்டரி இவரிடம். இருவரும் உடன்பட்டால்தான் சேனல் மாறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாம்பாரை வாயில் வைத்தேன். உப்பு என்ற பொருள் அதன் பக்கத்தில் போனதே இல்லை.

ஆன்ட்டி பெருமூச்சு விட்டார். "நான் உப்புப் போட்டா நான் ருசி பாக்கக் கூடாதாம்மா. இவரு பாத்துச் சொல்லணுமாம். இவரு பேப்பர் படிச்சிட்டு இருந்தாரு. நான் போடவே இல்ல."

"உப்புப் போட்டவளே ருசி பாத்தா, அவ கேஸுக்கு அவளே ஜட்ஜு ஆன மாதிரி" என்றார் அங்கிள், தீவிரமாக.

"ஜட்ஜு தூங்கிட்டா?"

"அது நிர்வாகக் கோளாறு. சிஸ்டம் கோளாறு இல்ல."

நாற்பது வருடம் இந்த மனிதரோடு குடித்தனம் நடத்திய ஆன்ட்டியை எந்த நாட்டுக்கும் சபாநாயகராகப் போடலாம் என்று எனக்குத் தோன்றியது. அவர் எப்போதும் இவருக்கு எதிராகத்தான் பேசுவார். ஆண்டுக் கூட்டத்தில் இவர் கொண்டுவருகிற எல்லாத் தீர்மானத்துக்கும் எதிராகக் கை தூக்குவார், பிறகு இருவரும் ஒன்றாக மாடியேறிப் போவார்கள்.

அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகுதான், பாத்திரம் கழுவும்போது, ஆன்ட்டி எனக்கு விஷயத்தைச் சொன்னார். அங்கிளுக்கு நெஞ்சில் அடைப்பு. மாடிப்படி ஏறினால் நின்று நின்று வருகிறார். டாக்டர் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார். இவர், ஒரு டாக்டர் சொன்னால் போதாது என்று இரண்டாவது டாக்டரிடம் போனார். அவரும் அதையே சொன்னார்.

"இப்போ மூணாவது டாக்டர் வேணுமாம். மூணாவதுதான் கோர்ட்டாம். ஆறு மாசமா அந்தக் கோர்ட்டைத் தேடிக்கிட்டே இருக்காரு. தேடவே இல்லம்மா. பயம். வர்ற வியாழன் விட்டு அடுத்த வியாழக்கிழமைக்கு டேட்டு கொடுத்திருக்காங்க. இதோட மூணாவது டேட்டு. போகலைன்னா இனிமே எப்போ கிடைக்கும்னு தெரியாது." குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "போகாம விட்டா இருப்பாரான்னும் தெரியாது."

அந்த வாரம்தான் தண்ணீர் வெட்டு வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கக் குழாய் வேலை, மூன்று நாள் தண்ணீர் இல்லை என்று அறிவித்தார்கள். காலித் தொட்டியில் ஓடினால் பம்ப் எரிந்துவிடும். அதனால் சாவிக்காரர்கள் மூவரும் கூடிப் பம்பை அணைத்து, கதவைப் பூட்டினார்கள். பள்ளி விடுமுறை வேறு. காக் ரோஹானி அம்மாவைப் பார்க்கக் கிளந்தான் போனார். லிம் பேரனைப் பார்க்க ஈப்போ போனார். சேர்மன் கோயில் பார்க்க மதுரைக்கே போய்விட்டார்.

நாலாவது நாள், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குழாயில் தண்ணீர் திரும்பி வந்தது. கீழ்த்தொட்டி நிரம்பியது. இனிப் பம்பைப் போட வேண்டியதுதான். நான் நாலாவது மாடிக்கு ஓடினேன்.

"லிம் சாவி என்கிட்டதான் இருக்கு. போறப்போ கையில கொடுத்துட்டுப் போனாரு. மத்த ரெண்டும் யாருகிட்ட?" என்றார் அங்கிள்.

காக் ரோஹானிக்குப் போன் போட்டேன். சாவி அங்கிள் வீட்டில்தான் இருக்கிறது என்றார். சரோஜா ஆன்ட்டியிடம் குவே டப்பாவோடு சேர்த்துக் கொடுத்தாராம். ஆன்ட்டி போய் டப்பாவைத் திறந்தார். பலகாரம் தீர்ந்துபோய் அடியில் சாவி இருந்தது. மதுரைக்குப் போன் போட்டேன்.

"பூட்டு அங்கிளுக்குன்னு கவர்ல எழுதி ஜாகாகிட்ட கொடுத்துட்டுத்தான் வந்தேன்லா" என்றார் சேர்மன், பின்னால் கோயில் மணிச் சத்தத்தோடு. "இந்த பில்டிங்ல அவரை விட நம்பிக்கையான ஆளு யாரு இருக்கா?"

வாசல் காவலுக்கு இருந்த ஜாகா கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பாட்டு மேசையில் மூன்று சாவியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மூன்று பேரும் தனித்தனியாக யோசித்து, நம்பிக்கையான ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மூன்று பேருக்கும் ஒரே ஆள்தான் தோன்றியிருக்கிறது. 'வெவ்வேறு ஆளிடம்' என்று ஒரு வார்த்தையை நாங்கள் சட்டத்தில் எழுத மறந்திருந்தோம்.

அங்கிள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் வேர்வை. ஆன்ட்டியின் கண் அவர் நெஞ்சுக்குப் போனது.

கீழே போனோம். பம்ப் அறை வாசலில் பாதி அடுக்குமாடி வாளியோடு நின்றது. கைக்குழந்தையோடு சிலர், துண்டோடு சிலர். யாரோ மூன்று சாவியும் அங்கிளிடம் இருக்கிறது என்று சொல்லிவிட, கைதட்டல். "தொறங்க அங்கிள்" என்று வழி விட்டார்கள்.

அங்கிள் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். "தொறக்க மாட்டேன்."

நாலு நாள் குளிக்காத கூட்டத்திடம் இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

"அங்கிள், கக்கூஸுக்கு ஊத்தத் தண்ணி இல்ல" என்று ஒரு பெண் அழாத குறையாகச் சொன்னார். "பாஸ், உங்களை நம்பறோம் பாஸ், தொறங்க" என்றார் இன்னொருவர். "உங்ககிட்ட இருந்தா எங்ககிட்ட இருக்கற மாதிரிதான்லா."

நான் அவர் காதருகில் போனேன். "அங்கிள், இது வெறும் பம்ப். ஒரு நிமிஷ வேலை. எல்லாரும் உங்களைத்தான் நம்பறாங்க."

அவர் என்னைப் பார்க்காமல், கையில் இருந்த சாவிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னைக்கும் எல்லாரும் என்னைத்தான் நம்பினாங்க, செக்ரட்டரி. அந்தச் சுவிட்சைப் போட்டது நான்தான்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு அர்ச்சுனன் ஞாபகம் வந்தது. எல்லாரும் நம்புகிற, நல்லவனான, அவசரக்கார சூப்பர்வைசர். இத்தனை வருடமாக இந்த மனிதர் சேர்மனையோ பிரதமரையோ சந்தேகப்படவில்லை. தன்னைத்தான் பூட்டிப் பூட்டி வைத்திருக்கிறார். கூட்டத்துக்கு அதெல்லாம் தெரியாது, அது வாளியைத் தரையில் தட்ட ஆரம்பித்திருந்தது.

அங்கிள் குரலை உயர்த்தினார். "மூணு சாவிக்கு மூணு ஆளு வேணும். லிம் சாவி நான் வச்சுக்கறேன். மிச்சம் ரெண்டுக்கும் இப்பவே தேர்தல்."

உலகத்திலேயே வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து நடத்திய ஒரே தேர்தல் அதுவாகத்தான் இருக்கும். முதல் சாவிக்கு என் பெயரைச் சொன்னார்கள். குறிப்பு எழுதுகிறவரே சாவியும் வைக்கலாமா என்று அங்கிள் ஒரு சந்தேகத்தைக் கிளப்பி, அதை விவாதத்துக்கு விட்டார். விவாதிக்க யாரும் தயாராக இல்லை, எல்லாக் கையும் மேலே போனது. இரண்டாவது சாவிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "சரோஜா ஆன்ட்டி."

"ஒத்துக்க முடியாது" என்றார் அங்கிள். "ஒரே வீட்டுல ரெண்டு சாவி. குடும்ப ஆட்சி ஆயிடும்."

"அங்கிள்," என்றேன், "ஆன்ட்டி என்னைக்காவது உங்க பக்கம் ஓட்டுப் போட்டிருக்காங்களா?"

அவர் நேர்மையாக யோசித்தார். நாற்பது வருடம் யோசிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இல்ல."

"அப்போ அவங்க எதிர்க்கட்சிதானே?"

ஆட்சேபம் தள்ளுபடி. ஆன்ட்டி கையில் சாவி போனது. நான் என் பூட்டைக் கழற்றினேன். அங்கிள் தன் கையில் இருந்த சாவியால் லிம்மின் பூட்டைக் கழற்றினார். கொக்கியில் ஒரே ஒரு பூட்டு மிச்சம். எல்லாரும் வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள்.

ஆன்ட்டி நகரவில்லை. கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"தொற சரோஜா."

"மாட்டேன்."

"என்னா விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்லைங்க. வர்ற வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரேன்னு இத்தனை பேரு முன்னாடி சொல்லுங்க. தொறக்கறேன்."

ஒரு குழந்தை சிணுங்கியது.

அங்கிள் சுற்றும் முற்றும் பார்த்தார். "இது அதிகார துஷ்பிரயோகம்."

"மூணு சாவி எதுக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒருத்தரு அவசரப்பட்டா மத்தவங்க நிறுத்தணும்னு."

"நான் எங்க அவசரப்பட்டேன்?"

"நீங்க தாமசம் பண்றீங்க. அதுக்கும் ஒரு சாவி வேணாமா?" ஆன்ட்டி சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "எனக்கு ஒத்தையில அந்த வீட்டுல உக்காந்து, ரிமோட்டும் பேட்டரியும் ரெண்டும் என் கையில வச்சுக்கிட்டு, என்னாங்க பாக்கறது?"

அங்கிள் என் பக்கம் திரும்பினார், கடைசி நம்பிக்கையாக. "செக்ரட்டரி?"

"நான் ஆன்ட்டி பக்கம், அங்கிள். மூணுக்கு ரெண்டு."

எதிரே நின்றவர்கள் யாரும் கேட்காமலே கை தூக்கினார்கள். ஓட்டுரிமை இல்லாத ஜாகாகூடத் தூக்கினார். அங்கிள் அந்தக் கைகளையெல்லாம் கொஞ்ச நேரம் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மினிட்ஸ்ல எழுது. வியாழக்கிழமை வரேன்."

ஆன்ட்டி எழுந்து பூட்டைத் திறந்தார். சுவிட்சில் மூன்று பேரும் ஒன்றாகக் கை வைத்தோம், அதுவும் சட்டத்தில் இருந்தது. பம்ப் உறுமிக்கொண்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் மேலே எங்கேயோ ஒரு குழாய் தும்மியது, ஒரு வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். சம்மதப் படிவத்தில் இரண்டு கையெழுத்துக்குத்தான் இடம் இருந்தது. மூன்றாவது கோடு இல்லாமல் போட மாட்டேன் என்றார் அங்கிள். களைத்துப்போயிருந்த நர்ஸ் மிஸ்ஸி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்கேல் வைத்துக் கீழே ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். அந்தக் கோட்டில் நான் கையெழுத்துப் போட்டேன்.

உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்கு முன், தலையணைக்கு அடியிலிருந்து தன் பழைய சிவப்புப் பூட்டை எடுத்தார். அவ்வளவு நேரம் அதை அங்கே ஒளித்து வைத்திருக்கிறார். கட்டில் பக்கத்தில் இருந்த இரும்பு அலமாரியின் கைப்பிடியில் மாட்டி அழுத்தினார். மீசை வைத்த இளைஞரின் படம் ஆடியது. 'உள்ளே ஆள் இருக்கிறது.' பிறகு சாவியை ஆன்ட்டியின் உள்ளங்கையில் வைத்து அவர் விரல்களை மடக்கினார்.

"யாருகிட்டயும் கொடுத்ததில்ல" என்றார்.

"தெரியும்ங்க" என்றார் ஆன்ட்டி.

கதவு மூடியதும் ஆன்ட்டி அழுதார், நானும் அழுதேன்.

அவர் நல்லபடியாக வெளியே வந்தார். கண் விழித்துக் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை டாக்டர் இருந்தாங்க?" நாலு பேர் என்றதும் திருப்தியாகத் தூங்கிவிட்டார். ஊரிலிருந்து திரும்பிய சாவிக்காரர்கள் மூவரும் நாசி லெமாக் பொட்டலமும் மீனுமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். இரண்டையும் சாப்பிட அவருக்கு அனுமதி இல்லை, சேர்மன் சாப்பிட்டார். 'வெவ்வேறு ஆளிடம்' என்ற வார்த்தை அடுத்த கூட்டத்தில் சட்டத்தில் சேர்ந்தது. அதற்கு எதிராக விழுந்த ஒரே ஓட்டு சரோஜா ஆன்ட்டியுடையது.

வீடு திரும்பிய உற்சாகத்தில் அங்கிள் ஒரு தப்பு செய்தார். ஆஸ்பத்திரி அலமாரியிலிருந்து ஆன்ட்டி திறந்து எடுத்துவந்த பூட்டை அழகுக்காக வாசல் இரும்புக் கதவின் கம்பியில் மாட்டி அழுத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் சாவியைக் கேட்டார். ஆன்ட்டி தரவில்லை. தாலிச் சங்கிலியில் ஊக்குகளோடு அதையும் கோத்துக்கொண்டுவிட்டார். மெஜாரிட்டி இருந்தால் கேளுங்கள் என்றார். மூன்றாவது ஓட்டு என்னுடையது, நான் இன்றுவரை அங்கிளுக்குப் போட்டதில்லை.

இப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்துவிட்டோம். ஓர் அட்டையைக் காட்டினால் எல்லாக் கதவும் திறக்கிற இடம். பம்ப் எங்கே இருக்கிறது, யார் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போகிறேன், உப்பில்லாத சாம்பார் சாப்பிடுவதற்காக. இப்போது உப்பில்லாததற்கு டாக்டர் உத்தரவு என்று ஒரு காரணமும் கிடைத்திருக்கிறது.

நாலாவது மாடியில் லிப்ட் திறந்ததும் என் கண் முதலில் அந்த வாசலுக்குத்தான் போகிறது. சிவப்புப் பூட்டு கம்பியிலேயே தொங்குகிறது. அட்டையில் மீசைக்காரர் வெளுத்துப்போயிருக்கிறார், எழுத்து மட்டும் இன்னும் படிக்க முடிகிறது. உள்ளே ஆள் இருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் நான் மணியை அடிக்கிறேன்.